உள்நின்று பழிக்குங் குரலும் உள்நின்றுணர்த்தும் அருளும்

காஞ்சிபுர மாவட்டத்து ஏனாத்தூரிலுள்ள அன்பரொருவர், தாம் நாடோறும் இயற்றிவந்த சிவபூசையைச் சின்னாளாக நிறுத்திவிட்டதாகவும், பூசைக்கு அமருந்தோறும் 'நீ இதற்குத் தகுதியுடையையல்லை' என்று தம்முள் ஒரு குரல் எழுவதாகவும் கூறி, அதனைத் திருவருளின் உணர்த்துதலெனக் கொள்ளலாமோ என வினவினர். திருமடங்களிற் பயிலும் மாணாக்கர் சிலர்க்கும் இவ்வையம் உண்டாகலின், ஈண்டு ஆராய்வாம்.

அக்குரலை எழுப்புவது யாது? மனம் பற்றும், சித்தம் சிந்திக்கும், அகங்காரம் யான் என எழும், புத்தி துணியும். ஆன்மா இவ்வந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்பதும், அமைச்சரோடு கூடிய அரசன்போல இவற்றொடு கூடிநிற்கும் என்பதும் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்துட் பெறப்படும். அமைச்சன் கூறியதெல்லாம் அரசாணையாகாது. அதுபோல அகங்காரம் கூறியதெல்லாம் ஆன்மாவைப்பற்றிய உண்மையாகாது. 'யானே உயர்ந்தேன்' என்னுஞ் செருக்கு ஆணவத்தின் காரியமென்பதை யாவரும் ஒப்புவர். 'யானே கடையேன், என் இழிவை அருளும் நீக்கமாட்டாது' என்பதும் அதன் காரியமேயென்பதைப் பலர் நோக்குவதிலர். இரண்டிடத்தும் முன்னிற்பது யான் என்பதே.

அற்றேல், மணிவாசகர் முதலிய அருளாளர் தம்மை நாயினுங் கடையராக இழித்துரைத்தது என்னையெனின், அவ்வுரை இறைவனை முன்னிலையாக்கி, அவன் கருணையின் பெருமை தோன்ற எழுந்தது. அஃது அவரைத் திருவடிக்கட் செலுத்திற்று. அன்பர் கேட்ட குரலோ அவரைப் பூசையறையினின்றும் புறத்தே செலுத்திற்று. செலுத்துந் திசை வேறாகலின், இரண்டும் ஒன்றாமாறு இல்லை.

இதனைக் காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்ட நாயனார் வரலாற்றிற் காண்க. அடியாரின் உள்ளக்குறிப்பறிந்து அவர் ஆடையை ஒலித்துக்கொடுப்பதே அவர் பணி. குளிர்காலத்தில் மெலிந்த மேனியராய் வந்த ஒரு தவசியின் கந்தையைப் பொழுது சாயுமுன் தருவதாக வாங்கினார். மழை விடாது பெய்தது, அந்தியும் வந்தது. முன்னரே ஒலித்து மனையிற் காற்றில் உலர்த்த அறிந்திலேனே என்று தம்மை நொந்தார். தவசியின் திருமேனி குளிரால் நடுங்குமே என்று உருகினார். துணி ஒலிக்குங் கல்லிலே தம் தலையை மோதினார். அவர் நோவு தம் பெயர் கெடுமென்று எழுந்ததன்று. பிறர் மேனி நடுங்குமென்று எழுந்தது. அங்ஙனம் அன்பினாற் பிறந்த நோவாயினும், அவர் தமக்குத் தாமே விதித்த தண்டத்தை இறைவன் நிறைவேறவிட்டிலன். கல்லினின்று திருக்கை தோன்றித் தடுத்துக் காத்தது. நாயன்மாரின் செயற்கருஞ் செயல்கள் நாம் செய்துபார்த்தற்கு உரியனவல்ல. ஆயினும் அத்திருக்கையின் குறிப்பு நமக்கும் உரியது. தூய அன்பர் தம்மேல் விதித்த தண்டத்தையே ஏலாத இறைவன், நம் அகங்காரம் விதிக்குந் தண்டத்தை ஏற்பனோ?

தொண்டைநாட்டுத் திருநின்றவூர்ப் பூசலாரும் எடுத்த பணி முட்டுப்பட்டவரே. கோயில் எடுக்கப் பொருள் தேடிக் கிடையாதபோது அவர் பணியைக் கைவிட்டிலர். கல்லும் மரமும் மனத்திலேயே தொகுத்துக் கோயில் அமைத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் கனவில் இறைவன் தோன்றி, அவன் குறித்த நாளைத் தள்ளிவைக்கச் செய்து, இவர் குறித்த நாளையே ஏற்றனன்.

இனி, உள்நின்றுணர்த்துவது எத்தன்மைத்து? உயிரின் அறிவே முடிவான வழிகாட்டியென்பார் கூற்று நமக்கு உடன்பாடன்று. புலன்கள் உயிரால் அறிதல்போல உயிர் சிவத்தால் அறியும். காந்தத்தின் சந்நிதியில் இரும்பு இயங்குமாறுபோல அவன் முன்னிலையில் அது நிகழும் என்பது ஐந்தாஞ் சூத்திரக் கருத்து. காந்தம் இரைவதில்லை. ஆகவே உள்ளே உரத்துப் பேசுவதனைத் தேடற்க. அக்குரல் எழும்போது அதனொடு வாதிடாது, 'இஃது என்னால் அறியப்படுவது. ஆகலின் அறிகின்ற யான் இஃதல்லேன்' என விலகிநின்று, கையிலெடுத்த மலரைச் சாத்துக. அதனை அடக்க முயல்வதினும் இஃது எளிது. பலர் இடர்ப்படுவது அடக்க முயன்றேயாம்.

உள்ளே தோன்றுவதெல்லாம் அருளென்று கொள்ளுதலும் தீங்கு பயக்கும். குருவின் உரையும் சாத்திரமும் தன் அனுபவமும் ஒத்தவழியே கொள்ளத்தகும். அன்பர் நாளை வைகறையே பூசையைத் தொடங்குவாராக. விடுபட்ட நாள்களுக்குக் கழுவாய் உண்டாயின், தீக்கை தந்த ஆசாரியரை அணுகி வினவுக. அதனை விதித்தற்குரியார் அவரே.