பிரசித்தர் பித்தும் எளியோர் பித்தும்

மனநோய் ஒன்றேயாயினும், அது யாரைப் பற்றியது என்பதைப் பார்த்தே உலகம் தீர்ப்புக் கூறுகின்றது. இதனை ஆராய நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் எல்லைப்புறமாகிய பாலக்காட்டு மாவட்டமே போதும்.

பட்டாம்பியை அடுத்த இராயிரநெல்லூர் மலையின் உச்சிக்குக் கல்லை உருட்டிச் சென்று, பின் கீழே உருளவிட்டுக் கைகொட்டி நகைத்தவர் நாராணத்துப் பிராந்தன் என்பது கதை. பறையர் குலத் தாய் பெற்ற பன்னிரு மக்களுள் ஒருவர் என்பர். துலா மாதம் முதல் நாளன்று திரளான மக்கள் அம்மலை ஏறுகின்றனர். உச்சியில் அவருக்குச் சிலையும் உண்டு. பித்தர் என்றே பெயர் சொல்லி, அதனையே பெருமையாகவும் கொண்டனர். எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரோ தாம் மனநோய்க்கு மருத்துவம் பெற்றதை, 1959இல் வெளிவந்த 'பாத்தும்மாவின் ஆடு' நூலின் முன்னுரையிலேயே மறைக்காது கூறினார். வாசகர் அன்பு குறையவில்லை. 1982இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. இது நன்றே. அவருக்கு மருத்துவமும் ஓய்வும் கிட்டின என்பதை இங்கு மறத்தலாகாது.

அதே மாவட்டத்து அட்டப்பாடியில், மனநலம் குன்றிக் காட்டில் தனித்து வாழ்ந்த மது என்னும் ஆதிவாசி இளைஞரை, அரிசி முதலிய பண்டங்களைத் திருடினாரென்று ஒரு கூட்டம் பிடித்துக் கட்டி, அடித்து, முக்காலிக்கு இழுத்து வந்தது. அந்நிலையில் அவரோடு நின்று படமும் எடுத்துக்கொண்டனர்! 2018 பிப்ரவரி 22இல் அவர் இறந்தார். வழக்கில் சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். ஆயினும் 2023 ஏப்ரலில் மன்னார்க்காட்டுத் தனி நீதிமன்றம் பதினால்வரைக் குற்றவாளிகளெனத் தீர்த்து, அவருள் பதின்மூவருக்கு ஏழாண்டுக் கடுங்காவல் விதித்தது. பித்தரை வணங்க மலையேறும் அதே நாட்டில், பசித்த பித்தருக்கு ஒருபிடி அரிசி மன்னிக்கப்படவில்லை.

புகழ்பெற்றோர் திறத்திலோ மன்னிப்பு வரம்பு கடந்து செல்கின்றது. நடிகரோ பாடகரோ பிறரைத் துன்புறுத்தினால், "மேதைக்கு அப்படித்தான்" என்கிறோம். துன்புற்றவர் யாரென்று கேட்பதில்லை. நோயுற்றவரும் அதனால் நலம் பெறுவதில்லை. அவர் தடுமாற்றத்தை வேடிக்கையாகக் கண்டு களிப்போர், மருத்துவரிடம் அழைத்துச் செல்வாரல்லர்.

விநய பிடகம் இதனை வேறுவிதமாக நோக்குகின்றது. கக்கர் என்னும் பிக்கு சித்தம் பிறழ்ந்து தகாதன பல செய்தார். தெளிந்தபின் மற்றவர் அவற்றைச் சொல்லிக் குற்றஞ்சாட்ட, தமக்கு அவை நினைவிலில்லை என்றார். பகவர் அவருக்கு 'அமூள்ஹ விநயம்' என்னும் விடுதலையை வழங்கச் செய்தார். அதனைக் கக்கர் சங்கத்தின்முன் தாமே மும்முறை வேண்டல் வேண்டும். செய்ததை நினைவிற்கொண்டு மறைப்பவனுக்கும், கனவுபோல் நினைவிருக்கிறது என்பவனுக்கும், பித்தன்போல் நடிப்பவனுக்கும் அது வழங்கப்படலாகாது. கல்வியோ குலமோ கீர்த்தியோ அங்கு வினவப்படவில்லை. செய்தபோது சித்தம் எந்நிலையில் இருந்தது என்பதே வினா.

நோய் நீங்குமுன்னும் கக்கர் விரட்டப்படவில்லை. உபோசதத்திற்கு அவர் சிலபோது நினைந்து வருவார், சிலபோது வாரார். ஆகவே, அவர் வந்தாலும் வாராவிடினும் சங்கம் தன் கருமத்தைச் செய்துகொள்ளும் என்று உடன்பாடு செய்யப்பட்டது. வந்த நாளில் அவருக்கு அங்கே இடம் இருந்தது.