மிதித்ததும் இழுக்காத பழைய கார்: பார்ட்ஸ் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

அப்பா ஓட்டிய சான்ட்ரோ ஜிங் இப்போது உன் கைக்கு வந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றுமே நடப்பதில்லை, அப்புறம்தான் வண்டி வெடுக்கென்று இழுக்கிறது என்கிறாய். இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதே. இருவழிச் சாலையில் லாரியை முந்த வலப்பக்கம் ஒதுங்கிய பிறகு வண்டி இழுக்காமல் போனால் திரும்பி வர இடம் இருக்காது. காரணம் தெரிகிற வரைக்கும் முந்தவே முந்தாதே. மற்றதை நான் சொல்கிற வரிசையில் பார். உன்னைப் போல பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாத் தங்கைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

"பிக்கப் இல்லை" என்று மட்டும் சொல்லி ஷெட்டில் வண்டியை விட்டால் முதலில் பிளக் மாறும், பிறகு பெட்ரோல் ஃபில்டர், அப்புறம் பம்ப், கடைசியில் சென்சார். பில் ஏறிக்கொண்டே போகும், வண்டி அப்படியே இருக்கும். மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. நாம் சொன்ன அறிகுறி அவ்வளவுதான். எப்போது தாமதிக்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதனால் முதல் வேலை, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துக் குறித்து வைப்பது. காலையில் குளிர்ந்த எஞ்சினிலா, சூடான பிறகா? நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதா, அறுபதில் போகும்போது மிதித்தாலா? ஏசி போட்டால் மட்டுமா? மழை நாளில் அதிகமா? இவை எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு கேள்வி இருக்கிறது: மிதித்ததும் எஞ்சின் சத்தம் ஏறுகிறதா, இல்லையா?

சத்தம் ஏறி, வண்டி மட்டும் பின்தங்கினால் கோளாறு எஞ்சினில் இல்லை, கிளட்ச்சில். ஆளில்லாத நேரான சாலையில் நாற்பதில் நாலாவது கியரைப் போட்டு முழுக்க மிதித்துப் பார். எஞ்சின் உறுமல் திடீரென்று ஏறி, வேகம் மெதுவாக ஏறினால் கிளட்ச் பிளேட் தேய்ந்து நழுவுகிறது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி பாரமாகத்தான் போகும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நாலு வீலுக்கும் அருகில் கையைக் கொண்டுபோ, தொடாதே. ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்த வீலின் பிரேக்கைப் பார்க்கச் சொல். இந்த இரண்டையும் கழித்த பிறகுதான் பானெட்டைத் திறக்க வேண்டும்.

எஞ்சினே தாமதிக்கிறது என்றால், உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். நீ சட்டென்று மிதிக்கும்போது காற்று உடனே பாய்ந்து உள்ளே போய்விடும். பெட்ரோல் அப்படி ஓடாது. ஒரு பகுதி, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியில் கலவையில் பெட்ரோல் குறைந்து, எஞ்சின் திணறும். இதைச் சமாளிக்கத்தான் பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் ஆக்ஸிலேட்டர் பம்ப் என்று ஒன்று இருந்தது. மிதித்த நொடியில் கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும். இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டியில் அந்த வேலையை ஈசியு என்கிற கணினி செய்கிறது. த்ராட்டில் எவ்வளவு வேகமாகத் திறக்கிறது, மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு என்று சென்சார்கள் சொல்வதைக் கேட்டு இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். ஆகவே மிதித்த அந்தக் கணத்தில் மட்டும் தடுமாறினால், அதிகமாக வந்த காற்றையோ பொய் சொல்லும் சென்சாரையோதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காசு செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கு. எஞ்சினை அணைத்துவிட்டு, வீட்டில் யாரையாவது உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல். நீ பானெட்டுக்குள் கேபிள் போய்ச் சேரும் இடத்தைப் பார். பெடல் அசைந்த உடனே அங்கேயும் அசைய வேண்டும். பெடல் கணிசமாக இறங்கிய பிறகுதான் அசைகிறது என்றால் கேபிள் தொய்ந்திருக்கிறது. நட்டைத் தளர்த்தி இழுத்துக் கட்டினால் போதும். ஆனால் துளித் தொய்வும் இல்லாமல் இறுக்கிவிடக் கூடாது, ஐடிலிங் ஏறிவிடும். முழுக்க மிதிக்கும்போது த்ராட்டிலும் முழுக்கத் திறக்கிறதா என்று பார். காலடியில் போட்ட தடிமனான மேட் பெடலைத் தடுத்து, "வண்டியில் சக்தியே இல்லை" என்று அலையவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஏர் ஃபில்டர். கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடி. வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்று. காற்றடித்து மறுபடி மாட்டுவது தற்காலிகம்தான். ஃபில்டரைக் கழற்றினால் த்ராட்டில் பாடியின் வாய் தெரியும் அல்லது தெரியும்படி குழாயைக் கழற்றலாம். உள்ளே வட்டமான தகடும் அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் பிசினும் இருக்கும். அந்தப் பிசின் தகட்டைச் சுவரோடு ஒட்டவைக்கும். அதனால் முதல் மிதியில் பெடல் கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு டக்கென்று விடும். த்ராட்டில் பாடி கிளீனரை மெல்லிய துணியில் அடித்துத் துடை. கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டி என்றால் சாவி போட்ட நிலையில் அந்தத் தகட்டை விரலால் தள்ளவே தள்ளாதே. விரலும் நசுங்கும், உள்ளிருக்கும் கியரும் போகும். அந்த வகையில் சுத்தம் செய்த பிறகு ஸ்கேனர் வைத்து மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும். ஷெட்டில் செய்துகொள்வதே நல்லது.

இனி நான் அதிகம் வற்புறுத்துகிற இடத்துக்கு வருகிறேன்: வேக்குவம் ஹோஸ்கள். பத்துப் பதினைந்து வருடம் எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர் விறைத்து, மடிப்பில் கீறல் விழும், அந்த வழியாக வேண்டாத காற்று உள்ளே புகும். எலி கடித்ததும் உண்டு, மழைக்காலத்தில் பானெட்டுக்குள் குடியேறிவிடும். பெட்ரோலும் மாறிவிட்டது. அதில் கலக்கும் எத்தனால் 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. அதற்கு ஏற்ற ரப்பரோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023-ல்தான். உன் காரின் பெட்ரோல் ஹோஸும் ஓ-ரிங்கும் அதற்கெல்லாம் முந்தியவை. வேக்குவம் ஹோஸைப் பார்க்கும்போதே பெட்ரோல் லைனையும் தடவிப் பார்த்துவிடு. கையில் ஈரமோ மூக்கில் வாசனையோ பட்டால் வண்டியை எடுக்காதே.

கீறல் வழியாக எங்கே காற்று புகுகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். துப்பட்டாவையும் கூந்தலையும் கட்டிக்கொள், ஃபேன் எப்போது வேண்டுமானாலும் சுற்றும். சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் எடுத்து, ஹோஸ் இணைப்புகளிலும் மேனிஃபோல்டு சேரும் இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அடி. காயில், ஒயர் பக்கம் வேண்டாம். கீறல் இருக்கும் இடத்தில் பட்டதும் எஞ்சின் சத்தம் ஒரு கணம் மாறும். சிலர் கார்ப்பரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள். சூடான எஞ்சின் மேல் தீப்பற்றும் பொருள் அது, நீ செய்ய வேண்டாம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸுக்குத் தனிச் சோதனை உண்டு. எஞ்சினை அணைத்து பிரேக்கை நாலைந்து முறை அழுத்து, பிறகு அழுத்தியபடியே ஸ்டார்ட் செய். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அது பிக்கப் பிரச்சினையை விடப் பெரிய பிரச்சினை, அன்றைக்கே ஷெட்டுக்குப் போ.

சென்சாரில் முதல் சந்தேகம் த்ராட்டில் பொசிஷன் சென்சார் மேல்தான் விழ வேண்டும். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். அதற்குப் பொதுவாக மூன்று ஒயர் போகும்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். சாவியைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சிக்னல் ஒயரை அளந்து பார். பெடலைத் தொடாதபோது ஏறத்தாழ அரை வோல்ட், முழுக்க மிதித்தால் நாலு, நாலரை வோல்ட். முக்கியம் இந்த இரண்டு எண்ணும் இல்லை, நடுவழிதான். மிக மெதுவாக மிதிக்கும்போது எண் சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் சரிந்து மறுபடி ஏறினால் உள்ளிருக்கும் தடம் அங்கே தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் ஆரம்பப் பகுதியில்தான் தேயும், ஏனென்றால் ஊருக்குள் ஓட்டும்போது நம் கால் அந்த இடத்திலேயேதான் விளையாடுகிறது. முள் உள்ள பழைய மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. டிஜிட்டல் காட்டத் தவறும் சின்னச் சரிவையும் முள்ளின் துள்ளல் காட்டிக்கொடுக்கும்.

பிளக் விஷயம் எல்லாருக்கும் தெரிந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். கழற்றியதும் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. கரி படிந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெந்திருந்தால் பெட்ரோல் குறைவு. மழை நாளில் மட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் பிளக் ஒயர்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பார். கரண்ட் கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும். கிட்டே கையைக் கொண்டுபோகாதே.

கிளம்பும்போது நன்றாக இருந்து, மேட்டில் ஏறும்போதோ எண்பதைத் தாண்டும்போதோ திணறினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். ஃபில்டர் அடைப்பு, டேங்குக்குள் வலை அடைப்பு, களைத்துப்போன பம்ப். சாவியைப் போட்டதும் பின்சீட் பக்கம் இரண்டு மூன்று நொடி "உம்ம்" என்று கேட்கும். கேட்டால் பம்ப் ஓடுகிறது, ஆனால் அழுத்தம் போதுமா என்பதை கேஜ் வைத்துத்தான் சொல்ல முடியும். கேஜ் வைக்காமல் பம்ப்பை மாற்ற ஒத்துக்கொள்ளாதே. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு கட்டத்துக்கு மேல் கழுத்தைப் பிடித்தது போல நின்றால், சைலன்சர் லைனில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம்.

நம் ஊரில் மட்டும் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா?" இங்கே அடிக்கிற வெயிலுக்கு அது எதற்கு என்று பல ஷெட்டில் கழற்றி எறிந்துவிடுவார்கள். அப்புறம் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது என்று நம்பி ஈசியு கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். காலையில் மந்தம், மைலேஜ் குறைவு, பிளக்கில் கரி. நெடுஞ்சாலையில் அரைமணி ஓட்டியும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடந்தால் இதைக் கேள்.

கடைசியாக எடுத்த புகைச் சான்றிதழ் டேஷ்போர்டில் இருக்கிறதா? அதை எடுத்துப் படி. கார்பன் மோனாக்சைடு எண் முந்தைய சான்றிதழைவிட நிறைய ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் எரியாமல் வெளியேறுகிறது, அதாவது மிஸ்ஸிங். யாருமே பார்க்காமல் மடித்து வைக்கும் காகிதம் அது.

ஸ்கேனர் வைக்கும்போது எரர் கோடு மட்டும் படித்துவிட்டு மூடவிடாதே. பி0171 என்று வந்தால் "கலவையில் பெட்ரோல் குறைவு" என்று அர்த்தமே தவிர, ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அர்த்தம் இல்லை. ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைச் சொல்லும் ஃப்யூயல் ட்ரிம் எண்ணைக் காட்டச் சொல். பத்து சதவீதத்துக்குள் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. ஐடிலில் அதிகமாக இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது. லோடு ஏற ஏற அதுவும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. மலிவான ப்ளூடூத் ரீடர் பழைய சான்ட்ரோவில் வேலை செய்யாமல் போகலாம், ஷெட் ஸ்கேனரையே நம்பு.

உன் தோழியின் டீசல் ஸ்விஃப்டுக்கு இதை அப்படியே சொல்லாதே. அதில் 2000 ஆர்பிஎம் வரை டர்போ விழிக்காது, அந்த மந்தம் பிறவிக் குணம். முன்பு இல்லாமல் புதிதாக வந்திருந்தால் மட்டும் டர்போ ஹோஸில் கீறலும் ஈஜிஆர் வால்வில் கரியும் பார்க்க வேண்டும்.

ஷெட்டுக்குப் போகும்போது குறிப்பை எடுத்துக்கொண்டு போய் இப்படிச் சொல்: "அண்ணே, சூடான பிறகு, ரெண்டாவது கியர்ல லேசா மிதிக்கும்போது மட்டும் திணறுது. மேல போனா நல்லா இழுக்குது. ஏர் ஃபில்டர் பாத்துட்டேன், கேபிள் சரியா இருக்கு." அவர் எங்கே தொடங்குவது என்று உடனே பிடித்துக்கொள்வார். ஒரு நேரத்தில் ஒரு பார்ட்டை மட்டும் மாற்றச் சொல், கழற்றியதைத் திரும்ப வாங்கிக்கொள். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டு. முன்பு எந்தச் சூட்டில், எந்தக் கியரில் திணறியதோ அதே நிலையில் மிதித்துப் பார்.