நோயாளிக்குச் சர்க்கார் உதவி வந்தால் ஜகாத் நின்றுவிடுமா?

சென்ற ரமளானில் சேரம்பாடிப் பக்கத்து மஹல்லா ஒன்றில் ஜகாத் பட்டியல் தயாராயிற்று. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து மூட்டை சுமந்து வந்த ஒருவருக்குக் காசநோய். நான்கு மாதமாக வேலையில்லை. "சர்க்கார்தான் அவருக்குப் பணம் போடுகிறதே" என்றார் ஒருவர், பெயர் அடிக்கப்பட்டது. அந்தச் சபையில் நானும் இருந்தேன்; வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து கிதாபைப் புரட்டிய பிறகே தவறு உறைத்தது.

அந்தப் பணம் எது? காசநோயாளிகளின் சத்துணவுக்கென்று மத்திய சர்க்கார் 2018 ஏப்ரல் முதல், சிகிச்சைக் காலத்தில் மாதத்துக்கு ரூ.500 வீதம் வங்கிக் கணக்கில் செலுத்தியது. 2024 நவம்பரில் அது ரூ.1,000 ஆயிற்று. முட்டைக்கும் பருப்புக்குமான தொகை அது. நாட்கூலி நின்ற வீட்டின் அரிசிக்கும், கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் சார்ஜுக்கும் அது எம்மட்டு?

ஜகாத்துக்குரியோர் எண்மர் என்று சூரத்துத் தவ்பாவின் 60ஆம் ஆயத்து வகுக்கிறது. முதலிடம் ஃபகீருக்கு, அடுத்தது மிஸ்கீனுக்கு. ஷாஃபிஈ மத்ஹபின்படி, தேவையில் பாதிக்கும் எட்டாதவர் ஃபகீர். பாதிக்கு எட்டியும் நிறைவு காணாதவர் மிஸ்கீன். பத்தாயிரம் வேண்டிய வீட்டில் ஆயிரம் வந்தால் அவர் ஃபகீரே. எட்டாயிரம் வந்தாலும் மிஸ்கீன்தான்! ஹனஃபி மத்ஹபில், கடனும் அவசியத் தேவையும் போக நிஸாபு அளவு பொருள் இல்லாதவருக்குக் கொடுக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அந்த ஆயிரம் ரூபாய் தடையாகாது. மருந்துச் செலவும், அவரை நம்பியிருக்கும் மனைவி மக்களின் செலவும் தேவையில் சேர்ந்தவையே.

ஹஜ்ஜத்துல் விதாவில் ஜகாத் கேட்டு வந்த இருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற இறங்கப் பார்த்து, செல்வருக்கும் சம்பாதிக்கும் வலிமையுள்ளவருக்கும் அதில் பங்கில்லை என்று உணர்த்தினார்கள். அங்கே குறுக்கே நின்றது உடல் வலிமை. நம் நோயாளி இழந்திருப்பதே அதைத்தானே!

சர்க்கார் உதவியைக் கேட்கவே கூசுகிறவர்களும் உண்டு. நோய் ஊருக்குத் தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாதே என்று மருந்தையே மறைவாகச் சாப்பிடுகிறார்கள். இது பிச்சையன்று, ஹக்கு. ஹீரா நகரத்துக் கிறிஸ்தவர்களுடன் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் செய்த உடன்படிக்கையை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜி'ல் பதிந்துள்ளார்கள். முதுமையாலோ நோயாலோ உழைக்க இயலாதவருக்கு ஜிஸ்யா வரி நீங்கும். அவரையும் அவர் குடும்பத்தையும் பைத்துல்மால் தாங்கும். ஹிஜ்ரி 88இல் கலீஃபா வலீத் தொழுநோயாளிகளுக்கு மானியம் ஏற்படுத்தினார். அத்தோடு விடாமல் முடவருக்குப் பணியாளும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் கொடுத்தார் என்று தபரீ (ரஹ்) எழுதுகிறார்கள். குணமான பின்பும் நோயாளியென்று சொல்லி வாங்குவது மட்டும் ஹராம்.

தொழுநோய் கண்டவருக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்புத் தொகை 2023 ஜனவரியில் ரூ.2,000 ஆக உயர்த்தப்பட்டது. அதை வாங்குவோருக்கும் இதே சட்டம்தான்.

ஷவ்வாலில் அவர் பெயர் மீண்டும் பட்டியலில் ஏறியது. தொகையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்காமல், "ஹஜ்ரத், இதை வாங்கினால் சர்க்கார் பணம் நின்றுவிடுமா?" என்று கேட்டார். நிற்காது என்றேன்.