தெளிந்த நீரில் மீன் மடிவதேன்?

மாதுங்காவிலோ செம்பூரிலோ ஒரு குடும்பத்தினர் நான்கு பொன்மீன்களை வாங்கி, குழாய்நீர் நிரப்பிய புதுக் கண்ணாடித் தொட்டியில் விடுகின்றனர். சில நாட்களில் அவை மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து மூடி, பின்னர் மடிகின்றன. நீரோ பளிங்குபோல் தெளிந்துள்ளது. காரணம் யாது?

வைதர்ணா, தான்சா முதலிய ஏரிகளிலிருந்து மும்பைக்கு வரும் நீர், குளோரின் கலந்தே வழங்கப்படுகிறது. நமக்கு நோய்த்தடுப்பாகும் குளோரின், மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இதனினும் பெரும்பகை அம்மோனியா. மீன் இதனைச் செவுள் வழியே இடையறாது வெளிவிடுகிறது. எஞ்சிய இரை அழுகுவதாலும் இது உண்டாகும். நீரில் இதன் பெரும்பகுதி, தீங்கு குறைந்த அம்மோனியம் அயனியாகவே நிற்கும். 25 டிகிரி சென்டிகிரேடில் பி.எச். 7 ஆயின், நஞ்சாக நிற்பது நூற்றில் அரைப் பங்கிற்குச் சற்று மேல். 8 ஆயின், ஐந்து பங்கிற்கும் மேல். அழகிற்கெனக் கடற்கரைக் கிளிஞ்சல்களைத் தொட்டியில் இடுவோர், அவை நீரின் காரத்தன்மையை உயர்த்துவதை அறிவதில்லை.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அதுவரை ஓரிரு மீன்களே போதும். இரையும் சிறிதே இடுக. ஞாயிறுதோறும் அனைத்தையும் குழாய்நீரில் தேய்த்துக் கழுவுவோர், தூய்மை செய்வதாக எண்ணி இந்நுண்ணுயிர்களையே அழிக்கின்றனர். வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மட்டும் மாற்றி, வடிகட்டியின் பஞ்சை அவ்வாறு வெளியே எடுத்த தொட்டிநீரிலேயே அலசுதல் வேண்டும்.