புதுப்பித்த கணினியில் நினைவகம் குறைந்ததேன்?

ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்குகிறது. இரவோடு இரவாக விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. நேற்று வரை தடையின்றி ஓடிய நிரல் இன்று நின்று நின்று நகர்கிறது. நினைவகம் நிறைந்துவிட்டதாகத் திரை காட்டுகிறது. நண்பர் ஒருவர், "புது ரேம் வாங்கு" என்கிறார். மற்றவர், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்று" என்கிறார். முன்னது பணத்தைக் கரைக்கும். பின்னது, படியெடுத்து வைக்காத உழைப்பையே விழுங்கிவிடும். உண்மையில் குறைந்தது எது என்று முதலில் அறிய வேண்டாமா?

நினைவகத்தைப் படிக்கும் மேசை எனக் கொள்வோம். மேசையின் முழு அளவு ஒன்று. பிறருக்கு ஒதுக்கியது போக நமக்கு உள்ளது ஒன்று. நம் பங்கிலும் நூல்களைப் பரப்பியது போக எஞ்சியது ஒன்று. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதுவதே குழப்பத்திற்குக் காரணம்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரி என்பதைப் பாருங்கள்.

முதலாவது, முழு அளவு. 8 ஜிபி பொருத்திய கணினி 4 என்று காட்டினால் புதுப்பிப்பின்மேல் பழி போடுவதற்கில்லை. ரேம் பலகை தன் இடத்தில் சரியாக அமர்ந்துள்ளதா, பழுதுற்றதா என்பதை மின்னிணைப்பை நீக்கியபின் சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, 'ஹார்ட்வேர் ரிசர்வ்டு' என்னும் ஒதுக்கீடு. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் திரைக்காகச் சில நூறு எம்பி ஒதுக்கப்படுவது இயல்பே. மிகுதியாக ஒதுங்கியிருந்தால் எம்எஸ்கான்பிக் நிரலைத் திறந்து, பூட் பகுதியின் மேல்நிலைத் தேர்வுகளில் 'மேக்சிமம் மெமரி' குறியிடப்பட்டிருப்பின் நீக்குங்கள். பயாஸ் அமைப்பில் வரைகலைக்கு ஒதுக்கிய அளவையும் காணுங்கள்.

மூன்றாவது, 'அவைலபிள்' என்னும் எஞ்சிய அளவு. 'கேஷ்ட்' எனக் காண்பதைக் கண்டு அஞ்ச வேண்டா. அது, மீண்டும் தேவைப்படலாம் என்று மேசைமேல் விட்டுவைத்த நூல்களைப் போன்றது. பெரும்பாலும் இடம் கேட்டவுடன் விலகிக்கொள்ளும். புதுப்பித்தபின் சிறிது காலம் கோப்புகளை அட்டவணைப்படுத்தும் பணியும் பின்னணியில் நடக்கும். ஆகவே சற்றுப் பொறுத்து, ஒருமுறை 'ரீஸ்டார்ட்' செய்யுங்கள். விரைவுத் தொடக்கம் இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' மட்டும் போதாது. இயக்கத்தின் கருப்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுமுறை மீண்டுவிடும்.

அதன்பின்னும் குறை தீரவில்லையா? எந்த நிரல் மிகுதியாக உண்கிறது என்று பிராசஸ் பட்டியலில் தேடுங்கள். எந்த நிரலும் குற்றவாளியாகத் தோன்றாமல், 'நான்பேஜ்டு பூல்' எண் மட்டும் மணிக்கு மணி ஏறினால், டிரைவர் ஒன்று நினைவகத்தைக் கசியவிடுகிறது என ஐயுறலாம். அண்மையில் மாறிய டிரைவரை டிவைஸ் மேனேஜரில் பழைய பதிப்புக்குத் திருப்பலாம்.

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறியவர்கள் பொதுவாக 10 நாட்களுக்குள் பின்வாங்க வழியுண்டு. ஆனால் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் அது நிலையான தீர்வன்று. பின்வாங்குமுன் கோப்புகளைப் படியெடுத்தல் இன்றியமையாதது.

இத்தனையும் பார்த்தபின், நம் வேலை ஒன்றை மட்டும் திறந்திருந்தும் இடம் போதவில்லையெனில், புது ரேம் வாங்குவது தக்க செலவே. அப்பொழுதும் மடிக்கணினியில் ரேம் மாற்றத்தக்கதா, பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்று கேட்டபின் கடைக்குச் செல்லுங்கள். வீட்டிலிருந்து வரும் பணம் அளந்து வருவது. நாமும் அளந்து பார்த்தே செலவிடுவோம்.