கடலோரத்துப் பழைய வீடு

“சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்” என்பது பழமொழி. அந்தச் சுவர் கடலோரத்தில் இருந்தால், அதைக் காப்பது எப்படி?

கடற்கரை ஊர்களில் பழைய வீடு விலைக்கு வந்தால், வாங்குவோர் பலர் இடித்துக் கட்டவே எண்ணுகின்றனர். நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613 இல் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டை இன்று இடிந்து, முட்புதர் மண்டிக் கிடக்கிறது. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் நிலைத்திருக்கிறது. டேனிஷ்காரர் 1845 இல் ஆங்கிலேயருக்கு விற்ற தரங்கம்பாடியிலோ, 2004 ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் பழைய வீடுகள் சிலவற்றை ‘இன்டாக்’ அமைப்பினர் பழுது பார்த்தனர். கவனிப்பார் இருந்தால் பழைய கட்டடமும் பிழைக்கும் அன்றோ!

கடற்காற்றில் உப்பு உண்டு. ஈரத்தோடு சுவருக்குள் புகும் உப்பு, ஈரம் காய்ந்ததும் படிகமாகி, பூச்சை வெளியே தள்ளுகிறது. சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல்லையும் கல்லையும் அரிக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். ஆகவே பழைய சுவருக்கு ஏற்றது சுண்ணாம்பே.

சிப்பி ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று, மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். கடலில் பிறந்த சிப்பியே கடலோரச் சுவருக்குக் கவசமாகிறது! கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பது நம் முன்னோர் முறை.

பழுது பார்ப்பதற்கும் வரிசை உண்டு. முதலில் கூரை ஒழுகாமல் செய்ய வேண்டும். அடுத்து, சுவரில் முளைத்த ஆல், அரசு இவற்றை வேரோடு நீக்க வேண்டும். பிறகு சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்கு உலர விட வேண்டும். கடைசியில்தான் சுண்ணாம்புப் பூச்சு. அவசரம் கூடாது, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும்.

தோழியரே, சிமெண்டு எந்தக் கடையிலும் கிடைக்கிறது. சுண்ணாம்புக் கலவையின் பக்குவம் அறிந்த கொத்தனார்களோ குறைந்து வருகின்றனர். அவர்கள் கைத்தொழில் மறைந்துவிட்டால், கையில் பணம் இருந்தும் பழைய வீட்டைக் காக்க இயலாது. நம் ஊர்களில் அத்தகைய முதியவர் இருந்தால், அவரிடம் கேட்டு எழுதி வைப்போம். வீட்டைக் காக்கும் முதற்படி அதுவே.