எம்பெருமான் எழுந்தருளும் வீதி

மாசித் திங்களில் மகம் கூடும் நன்னாளன்று எம்பெருமான் கடலாடத் திருவுள்ளம் பற்றுகிறான். கருவறையில் நின்றும் இருந்தும் கிடந்தும் சேவை சாதிப்பவன், அன்று திருமதிலையும் கோபுரத்தையும் பின்னே விட்டு, வயலோரப் பாதையும் கடைவீதியும் நெடுஞ்சாலையும் கடந்து, அலை வந்து மடங்கும் இடத்திற்கே வந்து நிற்கிறான். மரக்காணம் கரைக்கு இது உப்பின் பருவமுமாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின்னர், பாத்திகளில் தேங்கிய மழைநீரை வடித்து, சேற்றை மிதித்துத் தளம் இறுக்கி, உவர்நீர் பாய்ச்சிக் காத்திருந்த தொழிலாளர்கள் ஏறக்குறைய இந்நாட்களில்தான் உப்பு வாரத் தொடங்குவர். பக்கிங்காம் கால்வாய் வந்து முடியும் ஊர் இது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்பர் ஆய்வாளர். வடக்கே மாமல்லபுரத்திலும் தெற்கே புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் மாசி மகத் தீர்த்தவாரி பெருந்திரளாக நடைபெறும். இடைப்பட்ட இந்நெய்தல் நிலத்தில் அன்று வீதிதான் சந்நிதி.

அவ்வீதி யாருடையது என்னும் வினா பக்தி உள்ளத்துக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இந்நாட்டு நீதிமன்றங்கள் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இவ்வினாவுக்கு விடை கூறிக்கொண்டே வருகின்றன. சமய உரிமை என்று இன்று பேசப்படுவதன் பெரும்பகுதி, கோயிலுக்குள்ளே அன்றி, கோயில் வாசலுக்கு வெளியே, தேர் திரும்பும் தெருமுனையிலேதான் சோதிக்கப்படுகிறது.

முதலில் உற்சவத்தின் உட்பொருளைச் சற்று நோக்க வேண்டும். மூலவர் அசையாதவர், அவரை நாடி நாம் செல்ல வேண்டும். உற்சவரோ நம்மை நாடி வருபவர். நோயாளியும் முதியவரும் நிறைமாதக் கர்ப்பிணியும் தம் வீட்டுத் திண்ணையில் நின்றபடியே சேவிக்கலாம். அவர்களைக் காட்டிலும் மிகுதியாக அந்த வருகையை எதிர்நோக்கி நின்றவர் வேறு சிலரும் உண்டு. கோயிலுக்குள் புகக் கூடாதென்று ஊராரால் தடுக்கப்பட்டவர்கள், எம்பெருமானைக் கண்ணாரக் காண உற்சவம் ஒன்றே வழியாக இருந்தது. திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பாடினாரேயன்றி ஆற்றைக் கடந்து அடியெடுத்து வைக்கவில்லை. அரங்கனோ லோகசாரங்க முனிவரை ஏவி, அவர் தோளிலேயே ஆழ்வாரைச் சுமந்து வரச் செய்தான். அடியார் வர இயலாத இடத்தில் தான் செல்வது, அல்லது தன் அணுக்கத் தொண்டரையே அனுப்பி அழைத்துக்கொள்வது: இதுவே அவன் வழக்கம். திருநாராயணபுரத்தில் திருக்குலத்தார்க்கு ஆலயத்துள் உரிமை வகுத்த எம்பெருமானாரும் அவ்வழி நின்றவரே.

ஆனால் வீதியும் எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. 1924-ஆம் ஆண்டு தொடங்கி மறு ஆண்டு வரை நீடித்த வைக்கம் அறப்போர் கோயில் நுழைவுக்காக எழுந்தது என்று பலர் எண்ணியிருக்கின்றனர். அது கோயிலைச் சுற்றியிருந்த வீதிகளில் நடப்பதற்காக எழுந்த போராட்டம். ஆலயப் பிரவேசம் அதற்கு அடுத்த படி. 1936-இல் திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனமும், 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய பிரவேசமும், 1947-ஆம் ஆண்டின் சென்னை ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டமும் பின்னர் வந்தவை. வீதி திறந்த பிறகே வாசல் திறந்தது.

இனி, வழக்கு மன்றம் கூறியதைக் காண்போம். 1882-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் பார்த்தசாரதி ஐயங்காருக்கும் சின்னகிருஷ்ண ஐயங்காருக்கும் இடையே ஒரு வழக்கு நடந்தது. வழக்காடிய பெயர்களைப் பார்த்தாலே இது வேற்றுச் சமயத்தாரோடு எழுந்த சச்சரவன்று என்பது விளங்கும். தலைமை நீதிபதி சார்லஸ் டர்னர் வகுத்த நெறி எளியது: எப்பிரிவினராயினும் பொதுவீதி வழியே சமய ஊர்வலம் செல்லலாம், பொதுமக்கள் அவ்வீதியை வழக்கம்போல் பயன்படுத்துவதற்கு அதனால் இடையூறு நேரலாகாது, நெரிசலையும் கலகத்தையும் தவிர்க்க நீதித்துறை நடுவர் சட்டப்படி இடும் ஆணைக்கு ஊர்வலத்தார் கட்டுப்பட வேண்டும். மறு ஆண்டு சுந்தரம் செட்டி வழக்கில் முழு ஆயமும் ஊர்வல உரிமையை ஆராய்ந்தது.

இந்நெறி பயணம் செய்த தூரம் கருதத்தக்கது. 1924-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலின் முன் வந்த மன்சூர் ஹசன் வழக்கு, ஷியா முஸ்லிம்களின் மொஹரம் ஊர்வலம் சன்னி முஸ்லிம்களின் பள்ளிவாசலருகே செல்வதைப் பற்றியது. உரிய சடங்குகளோடு சமய ஊர்வலம் பொதுவீதியில் செல்ல உரிமை உண்டு என்று அம்மன்றம் தீர்த்தபோது, சென்னைத் தீர்ப்பையும் எடுத்துக் காட்டியது. ஐயங்கார்கள் தமக்குள் வழக்காடிப் பெற்ற நெறி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் முஸ்லிம் ஊர்வலத்துக்குத் துணை நின்றது! தமக்கென்று கேட்ட உரிமை பிறர்க்கும் சென்று சேர்ந்ததற்குக் காரணம் ஒன்றே. வீதி பொதுவானது என்பதால்தான் அங்கே பெருமாள் எழுந்தருள உரிமை பிறக்கிறது. அதே வீதியைப் பிறர்க்கு மறுப்பவர் தம் உரிமையின் வேரைத் தாமே வெட்டுகிறார்.

அரசியலமைப்புச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபின் இவ்வுரிமை 25, 26 ஆகிய பிரிவுகளில் இடம் பெற்றது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு, ஒவ்வொருவரும் தம் சமயத்தைப் பின்பற்றலாம், ஒழுகலாம், பரப்பலாம். சமயப் பிரிவினர் தம் சமய விவகாரங்களைத் தாமே நிர்வகிக்கலாம். தீர்த்தவாரிக்குச் செல்லும் அன்பர்கள் இவற்றோடு 15-ஆவது பிரிவையும் அறிந்துகொள்வது நலம். அரசு நிதியால் பராமரிக்கப்படும் அல்லது பொதுமக்கள் பயனுக்கென விடப்பட்ட கிணறு, குளம், நீராடும் துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, சமய வேற்றுமை காட்டி எவரையும் தடுக்கலாகாது என்கிறது அப்பிரிவு. நீராடும் துறையும் சாலையும் ஒருங்கே நிற்கும் அவ்வரியை மாசி மகத்துக்கென்றே எழுதியதாக எண்ணத் தோன்றும்.

சமயம் எங்கே முடிகிறது, நிர்வாகம் எங்கே தொடங்குகிறது என்பது அடுத்த வினா. இதற்கு விடை தேடியதும் ஒரு வைணவ மடம். உடுப்பியின் எட்டு மடங்களுள் ஒன்றாகிய ஷிரூர் மடத்தின் ஸ்ரீ லக்ஷ்மீந்த்ர தீர்த்த சுவாமிகள், 1951-ஆம் ஆண்டுச் சென்னை அறநிலையச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமயம் என்பது கொள்கை மட்டுமன்று, சடங்கும் அதில் அடங்கும். இறைவனுக்கு எந்நேரத்தில் என்ன அமுது படைப்பது, எவ்விழாவை எவ்வாறு நடத்துவது என்பன சமயத்தின் பாற்பட்டவை. அவற்றில் வெளியதிகாரி தலையிட முடியாது என்றது நீதிமன்றம். அதே மூச்சில், இவற்றுக்காகும் செலவின் அளவு சொத்து நிர்வாகத்தைச் சேர்ந்தது, அதைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம் என்றும் கூறியது.

உப்புக் கரையினர்க்கு இதனை விளக்க ஓர் எடுத்துக்காட்டு கைவசம் உள்ளது. கும்பகோணத்தை அடுத்த திருவிண்ணகர் எம்பெருமானுக்கு உப்பில்லாத தளிகையே அமுது. மார்க்கண்டேய மகரிஷியின் திருமகளாக அவதரித்த பூமிப்பிராட்டி, உப்பிட்டுச் சமைக்கவும் அறியாத சிறுபெண் என்று தந்தை தயங்க, உப்பின்றியே உண்பேன் என்று பெருமாள் இசைந்தருளியதாகத் தலபுராணம் கூறும். ஒப்பிலியப்பன் என்ற திருநாமம் உப்பிலியப்பன் என மக்கள் நாவில் வழங்குவதும் இதனால்தான். அத்தளிகையில் ஒரு கல் உப்பு சேர்க்குமாறு ஆணையிட எந்த அரசு அலுவலருக்கும் அதிகாரமில்லை. அது சமயம். ஆனால் மடப்பள்ளிக்கு வாங்கிய அரிசி எத்தனை மூட்டை, என்ன விலை, கணக்கேடு எங்கே என்று தணிக்கையாளர் கேட்டால் விடை சொல்லியே ஆக வேண்டும். அது நிர்வாகம். ஷிரூர் மடத் தீர்ப்பின் சாரத்தை இதைவிட எளிதாகச் சொல்வது கடினம். எல்லைக்கோடு எப்போதும் இத்தனை தெளிவாக அமைவதில்லை என்பதும் உண்மை. அதனாலேயே அத்தீர்ப்புக்குப் பின்னும் வழக்குகள் ஓயவில்லை.

1957-இல் வெங்கடரமண தேவரு வழக்கில், பிரிவினர்க்குரிய கோயிலாயினும் பொதுத்தன்மை வாய்ந்ததாயின் இந்துக்கள் அனைவர்க்கும் வாசல் திறக்கப்பட வேண்டும் என்றும், அப்பிரிவினர்க்கே உரிய சில சடங்குகளை மட்டும் அவர்கள் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. (அதிகாரப் பகிர்விலும் ஒரு வேடிக்கை உண்டு. உப்பு மத்திய அரசின் பட்டியலில் உள்ளது. பொது ஒழுங்கு மாநிலப் பட்டியலில். சமய நிறுவனங்கள் பொதுப் பட்டியலில். காலையில் உப்பு வாரிவிட்டு மாலையில் பெருமாளைச் சேவிக்க வரும் மரக்காணத்துத் தொழிலாளி ஒரே நாளில் மூன்று பட்டியல்களையும் கடந்துவிடுகிறார்.)

ஒலிபெருக்கியைப் பற்றியும் ஒரு சொல். 2000-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து சென்ற ஒரு கிறித்தவ வழிபாட்டு மன்றத்தின் வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எச்சமயமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வாண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். பிரபந்த கோஷ்டியின் குரலுக்கு மின்சாரம் தேவைப்பட்டதில்லை.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு இங்கே சேர்த்து எண்ணத்தக்கவை. பெரம்பலூர் மாவட்டம் வி. களத்தூரில் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் வீதிகளில் கோயில் ஊர்வலம் செல்வதற்கு எழுந்த எதிர்ப்பு, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காயிற்று. ஓரிடத்தில் ஒரு சமயத்தார் பெரும்பான்மையினர் என்பதற்காகப் பிற சமயத்தார் ஊர்வலத்தைத் தடுக்க இயலாது என்றும், அவ்வாதத்தை ஏற்றால் நாட்டின் பெரும்பகுதியில் சிறுபான்மையினரே விழாக் கொண்டாட முடியாமற்போகும் என்றும் நீதிபதிகள் சுட்டிக் காட்டினர். மற்றது, மரக்காணம் அமைந்த விழுப்புரம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. மேல்பாதி திரௌபதியம்மன் கோயிலில் பட்டியல் சாதியினர் வழிபட மறுக்கப்பட்டமையால் எழுந்த பிணக்கில், 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற ஆணையின்படி அன்றாடப் பூசைக்காகக் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான் பட்டியல் சாதியினர் காவல் துறையின் பாதுகாப்போடு உள்ளே சென்று அம்மனைத் தரிசித்தனர். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இதற்கும் இடையே 78 ஆண்டுகள். வேற்றுச் சமயத்தார் வீதியை மறித்தால் வழக்குத் தொடுக்க முற்படுபவர், தம் சமயத்தாருக்கே தம்மவர் வாசலை மறிப்பதைக் கண்டு வாளாவிருப்பது எங்ஙனம் பொருந்தும்?

நீதிமன்றத்தின் படியேறாமலே இவ்வுரிமைகளை ஊரார் தமக்குள் தீர்த்துக்கொண்ட இடங்களும் இக்கடற்கரையில் உண்டு. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்காகச் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைக்கு எழுந்தருளுகையில், அங்குள்ள தர்காவின் சார்பில் முஸ்லிம் பெருமக்கள் பட்டும் மாலையும் பழமும் கொண்டு எதிர்கொள்கின்றனர். கோயிலார் அவற்றைப் பெற்றுப் பெருமாளுக்குச் சாற்றி, பிரசாதமும் மாலையும் அளிக்கின்றனர். அவை தர்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பாத்திஹா ஓதப்படுகிறது. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்துக் கடலுக்கு எழுந்தருளும்போது, மீனவர்கள் அவரை ‘மாப்பிள்ளை’ என்றே ஆர்ப்பரித்து வரவேற்கின்றனர். பத்மினி நாச்சியார் தங்கள் குலத்துப் பெண் என்பது அவர்கள் உரிமை. ஸ்ரீபாதம் தாங்கும் தோள்களில் அன்று வலை இழுக்கும் தோள்களும் சேர்ந்துகொள்கின்றன.

மாமல்லபுரத்தில் ஸ்தலசயனப் பெருமாள் கடலாடும் அதே மாசி மகத்துக்கு, வடமாவட்டங்களின் பல ஊர்களிலிருந்தும் இருளர்கள் குடும்பத்தோடு வந்து மணலில் குடிலமைத்துத் தங்குகின்றனர். விடியலில் மணலையே படியாக அமைத்துத் தங்கள் கன்னியம்மனுக்குப் படையலிடுகின்றனர், பிள்ளைகளுக்கு முடியிறக்குகின்றனர், திருமணம் பேசி முடிக்கின்றனர். சற்றுத் தொலைவில் பெருமாளின் திருமஞ்சனத்துக்குத் திரை பிடிக்கப்படுகிறது. இரு கூட்டத்தாரின் கால்களையும் நனைத்துத் திரும்பும் அலை ஒன்றே.